கையெழுத்தை என் கண்முன் போடுங்கள்: நோட்டரி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பிரமாணப் பத்திரம் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோட்டரி பற்றித்தான். நோட்டரி என்றால் ஆவணத்துக்கும் சத்தியத்துக்கும் சான்றளிக்க அரசு நியமிக்கும் ஆள். நானும் நோட்டரிதான், தென் மாவட்டம் ஒன்றில் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்தீர்கள், ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (தென்காசி): என் தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான். அவன் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பிய அஃபிடவிட்டை, அதாவது பிரமாணப் பத்திரத்தை, இங்குள்ள நோட்டரியிடம் கொண்டுபோனேன். ஆளை நேரில் கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலோ, முந்நூறு ரூபாய் கொடுங்கள், அரை மணி நேரத்தில் சீல் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். எது சரி?

பதில்: திருப்பி அனுப்பினாரே, அவர் செய்ததுதான் சரி. அம்மா, அஃபிடவிட் என்றால் சத்தியம். காகிதத்தில் இருப்பது உண்மை என்று உங்கள் தம்பி ஒரு மனிதர் முன்னால் நின்று சத்தியம் செய்கிறார், அந்த மனிதர் 'என் முன்னிலையில் இன்ன தேதியில் கையெழுத்திட்டார்' என்று எழுதி முத்திரை வைக்கிறார். தம்பி சென்னையில் இருக்க, தென்காசியில் 'என் முன்னிலையில்' என்று எழுதினால் அந்த ஒரு வரியே பொய்யாகிவிடுகிறது. நோட்டரி முத்திரை சொல்வது மொத்தமே அந்த ஒரு வரிதான், அது பொய் என்றால் மீதி எதற்கு?

1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் 1956 பிப்ரவரி 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆவணம் எழுதிக்கொடுத்ததைச் சரிபார்த்துச் சான்றளிப்பது, சத்தியப் பிரமாணம் வாங்குவது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது என்று அதன் 8ஆவது பிரிவு வேலைகளை வரிசையாகச் சொல்கிறது. எல்லாமே 'பார்த்தேன், கேட்டேன்' என்று சொல்லும் வேலைகள். கையெழுத்துப் போட்டவர் எதிரே இல்லாமலே இருந்ததாகச் சான்றளித்த ஒரு வழக்கறிஞருக்கு உச்ச நீதிமன்றம் 1984இல் ஐந்து ஆண்டு தொழில் செய்யத் தடை போட்டது. இதை ஒரு சின்னச் சம்பிரதாயமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் வாங்கித் தரும் சீலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கு இந்த அஃபிடவிட் வழக்குக்குப் போய், எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் தம்பியைக் கூண்டில் ஏற்றி 'அந்த நோட்டரியை நேரில் பார்த்திருக்கிறீர்களா, அவர் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் சொன்ன உண்மையும் சேர்ந்தே அடிபட்டுப் போகும். தம்பியைச் சென்னையிலேயே ஒரு நோட்டரியிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது கையெழுத்துப் போடாமல் கொண்டுபோக வேண்டும், அடையாள அட்டையின் அசலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஆறு பேர் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அவர்களைக் கீழே இன்னொரு முறை போடச் சொல்லி, தேதியும் போடச் சொல்கிறேன்.

கேள்வி (சிவகிரி): எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். ஆங்கிலத்தில் டைப் அடித்த காகிதத்தில் அவர் கைநாட்டு வைத்தால் நோட்டரி ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம், ஆனால் அப்பத்தாவுக்குப் புரிந்த பிறகு. காகிதத்தை அவருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லி, அவர் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்று கீழே ஒரு வரி எழுதி, அதற்குப் பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். வாசித்தவர் பெயரும் அதில் இருப்பது நல்லது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியை இரண்டு பேர் என் மேசைக்கு அழைத்து வந்தார்கள். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். பாட்டி பெருவிரலை மை டப்பாவில் வைக்கவே போய்விட்டார். நான் டப்பாவை நகர்த்திவிட்டு, 'இது எதுக்குன்னு தெரியுமா பாட்டி' என்று கேட்டேன். 'முதியோர் பணத்துக்குப்பா' என்றார். காகிதத்தில் இருந்தது, அவருடைய தகப்பனார் வழி நிலத்தின் பட்டாவை அண்ணன் மகன்கள் பெயருக்கு மாற்றுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்ற வாசகம். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட வந்தவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஏன் ஆங்கிலத்தில் டைப் அடிக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தரும் அஃபிடவிட் தமிழிலேயே இருக்கலாம், தாராளமாக.

கேள்வி (திருமங்கலம்): 2016இல் மூன்று சென்ட் இடம் வாங்கினேன். நோட்டரி முன்னிலையில் கிரய ஒப்பந்தமும் பவர் பத்திரமும் எழுதி முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. விற்றவர் போன வருஷம் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய மகன்கள் 'உங்களுக்கு இடமே இல்லை' என்கிறார்கள். நோட்டரி சீல் இருக்கிறதே?

பதில்: உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் ஆசை, ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீல் இடத்தை உங்கள் பெயருக்கு மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் கைமாற வேண்டும் என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். பவர் பத்திரமும் ஒப்பந்தமும் எழுதி வாங்கிக்கொள்வதால் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே. இங்கே பதிவுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தம், நிலம் வீடு சம்பந்தப்பட்ட பவர் இரண்டையுமே கட்டாயம் பதிய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நீங்கள் எழுதியது 2016இல். அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம், 'இதை ரிஜிஸ்டர் ஆபீசில் பதியுங்கள், என் சீல் போதாது' என்று. சொல்லாதது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டு வருகிறவருக்கு எது செல்லும், எது செல்லாது என்று சொல்வதும் எங்கள் வேலைதான் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இனி என்ன செய்வது? பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாக அந்தப் பவரும் அதோடு முடிந்துவிடும், அதை வைத்து யார் பெயருக்கும் எழுதிக்கொள்ள முயற்சி செய்யாதீர்கள், அது உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு, அந்த மூன்று ஆண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது உங்கள் ஒப்பந்த வாசகத்தையும் அவர்கள் மறுத்த தேதியையும் பொறுத்தது. ஆகவே இந்த வாரமே ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள். வங்கி வழியாகப் பணம் போனதற்கான கணக்கு, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, நீங்கள் அனுபவத்தில் இருப்பதைக் காட்டும் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): நான் இங்கிருந்தபடியே காரைக்குடியில் உள்ள வீட்டை விற்க அண்ணனுக்குப் பவர் கொடுக்க வேண்டும். ஊருக்கு வந்துதான் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இப்போது சொன்ன கட்டாயப் பதிவிலிருந்து, இந்தியாவுக்கு வெளியே எழுதிக்கொடுக்கும் பவருக்கு விலக்கு இருக்கிறது. அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அண்ணன் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கூரியர் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

இங்கிருந்து வெளிநாட்டுக்குக் காகிதம் அனுப்புகிறவர்களும் கேட்டிருந்தீர்கள். உள்ளூர் நோட்டரி சீல் மட்டும் அங்கே போதாது. அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக வைக்கும் சான்று. இந்தியா 2005 முதல் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, மாநில அளவில் சான்று வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வாங்க வேண்டும். அந்த உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றும் வேண்டும்.

கேள்வி (ஓசூர்): நானும் நான் விரும்பும் பெண்ணும் ஒரு நோட்டரியிடம் போய் ஸ்டாம்ப் பேப்பரில் திருமணம் செய்துகொண்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். இருவருக்கும் வயது வந்துவிட்டது. இது திருமணம்தானே?

பதில்: இல்லை தம்பி. நோட்டரி திருமணம் செய்துவைக்கும் அதிகாரி கிடையாது, விவாகரத்து எழுதிக்கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. இதை மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எல்லா நோட்டரிகளுக்கும் எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டது. மீறினால் தொழில் ஒழுங்கீனம்.

ஆனால் பயப்படாதீர்கள், உங்களுக்கு நேரான வழி இருக்கிறது. நீங்கள் இருவரும் இந்துக்கள் என்றால், 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் உங்களுக்காகவே இருப்பது போல. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரும் ஒரு நண்பராக அங்கே இருக்கலாம், தொழில்முறையில் திருமணம் செய்துவைக்கத்தான் கூடாது. நடந்த பிறகு 90 நாளுக்குள் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதியுங்கள். மதம் வேறு வேறு என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் முன்னறிவிப்பு. கையில் வைத்திருக்கும் அந்த ஸ்டாம்ப் பேப்பரை நம்பி ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமை தேவைப்படும் நேரத்தில் அது உதவாது.

கேள்வி (பலர்): ஆறு மாதம் ஆன ஸ்டாம்ப் பேப்பர் செல்லாதாமே? வாடகை ஒப்பந்தத்துக்கு நோட்டரி போதுமா? புரோ நோட்டுக்கு நோட்டரி வேண்டுமா? சான்றிதழ் நகலுக்கு?

பதில்: ஆறு மாதக் கணக்கு, பயன்படுத்தாத பேப்பரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு. எழுதுவதற்கு அப்படிக் கெடு கிடையாது, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2008இல் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் பழைய பேப்பரில் பழைய தேதி போட்டு எழுதுவது வேறு விஷயம், அது மோசடி.

வாடகைக்கு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், நோட்டரி சீல் அதற்கு ஈடாகாது. புரோ நோட்டுக்கு நோட்டரி தேவையில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து இருக்கட்டும், கேட்டவுடன் தருகிறேன் என்று எழுதிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு கெடு என்பதை மறக்காதீர்கள். நகல் விஷயத்தில், 2014 முதல் மத்திய அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் சுய சான்றையே ஏற்கின்றன, முதலில் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். ட்ரூ காப்பி தேவைதான் என்றால் அசலையும் எடுத்து வாருங்கள், அசலைப் பார்க்காமல் எந்த நோட்டரியும் சீல் வைக்கக் கூடாது.

கேள்வி (யாழ்ப்பாணம், தற்போது திருச்சி): எங்கட ஊரில் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, நொத்தாரிசுதான் எழுதி முடிப்பார். இங்கே நோட்டரி எழுதினால் செல்லாது என்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதானே ஐயா?

பதில்: பெயர்தான் ஒன்று ஐயா, வேலை வேறு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறும் உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் முடிக்கப்பட்டால்தான் செல்லும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருக்கு விதிக்கும் கடமைகள் கடுமையானவை: எழுதிக்கொடுப்பவரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசித்து விளங்கப்படுத்த வேண்டும், ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்து, இன்னொன்றை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதியை உருவாக்குவதே அங்கே நொத்தாரிசு. இங்கே அந்த இடத்தில் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. எங்கள் நோட்டரி செய்யும் சத்தியக் கடதாசி வேலையை உங்கள் ஊரில் சமாதான நீதவான் செய்வார். யாழ்ப்பாணத்துக் காணிக்காக இங்கிருந்து பவர் அனுப்ப நினைத்தால், எங்களிடம் வருவதற்கு முன் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். உயில் எழுத நோட்டரி வீட்டுக்கு வருவாரா? எவ்வளவு கேட்பார்?

பதில்: வரலாம், அவருக்கு நியமிக்கப்பட்ட எல்லைக்குள் உங்கள் வீடு இருந்தால். கட்டணம் மத்திய அரசு விதியில் நிர்ணயித்தது, அதை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும், வாங்கிய பணத்துக்கு ரசீதும் தர வேண்டும். வீட்டுக்கு வந்தால் பயணச் செலவு தனி. கூசாமல் ரசீது கேளுங்கள்.

உயிலுக்கு நோட்டரியை விட இரண்டு சாட்சிகள்தான் உயிர். அப்பா கையெழுத்துப் போடுவதை இருவரும் பார்த்திருக்க வேண்டும், அப்பா முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். இது இல்லாமல் எத்தனை சீல் குத்தினாலும் உயில் நிற்காது. பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளரும் வீட்டுக்கு வந்து பதிய வழி உண்டு, முடிந்தால் அதையே செய்யுங்கள். சொத்து யாருக்குப் போகிறதோ அவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் அன்றைக்கே ஒரு சான்று வாங்கி வைத்தால் பின்னால் சண்டை குறையும்.

கேள்வி (கோவில்பட்டி): நான் போகாமலே, என் பெயரில் ஒரு நோட்டரி அஃபிடவிட் தாலுகா அலுவலகத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையது இல்லை. நான் என்ன செய்வது? அவர் உண்மையான நோட்டரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் தாலுகா அலுவலகத்துக்கு இன்றைக்கே ஒரு மனு கொடுங்கள், அந்த அஃபிடவிட் என்னுடையதல்ல, அதை வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முத்திரையைப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையில் அவர் பெயர், செல்லும் எல்லை, பதிவு எண், நியமித்தது எந்த அரசு என்பது இருக்க வேண்டும். பெரும்பாலும் குறைந்தது பத்து ஆண்டு வழக்கறிஞராக இருந்தவரைத்தான் நியமிப்பார்கள், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு ஆண்டு. தொழில் சான்றிதழைக் காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும். நோட்டரிகள் பட்டியல் ஒவ்வொரு ஜனவரியிலும் அரசிதழில் வெளியாக வேண்டும் என்பது சட்டம், அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

அவர் உண்மையான நோட்டரி என்றால் அவரிடம் ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையும் தேதி, வரிசை எண், வந்தவர் பெயர், முகவரி, ஆவணத்தின் சுருக்கம், வாங்கிய கட்டணம் எல்லாவற்றோடும் அதில் ஏற வேண்டும், வந்தவரின் கையெழுத்தும் அதிலேயே இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை மாவட்ட நீதிபதி ஆய்வு செய்யலாம். உங்கள் அஃபிடவிட்டில் வரிசை எண்ணே இல்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாதகமான முதல் ஆதாரம்.

கையெழுத்தைப் போலியாகப் போட்டவர் மேல் போலீசில் புகார் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. நோட்டரி என்ற முறையில் அவர் செய்த தவறுக்கு மட்டும், அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் எழுத்து மூலம் புகார் செய்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் அவரை நியமித்த அரசுக்கு, மாநில அரசு நியமனம் என்றால் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள சட்டத் துறைக்கு, மத்திய அரசு நியமனம் என்றால் டெல்லி சட்ட அமைச்சகத்துக்கு, ஆதாரங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். விசாரணையில் ஒழுங்கீனம் நிரூபணமானால் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க முடியும். சக தொழில்காரர் மேல் புகார் கொடுக்கச் சொல்கிறானே என்று என் நண்பர்கள் சிலர் வருத்தப்படுவார்கள், ஆனால் உங்கள் கையெழுத்தை உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் போட விட்டவருக்காக நான் பேச மாட்டேன்.

தாலுகா அலுவலகத்தில் அந்த அஃபிடவிட்டின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள், பதிவு எண்ணையும் தேதியையும் பார்த்துவிட்டுப் புகாரை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.